ஆட்ட விதியும் கேட்கும் நாணமும்

கைக்கடிகாரம் பழுதானால் கடைக்காரரிடம் கொடுத்து, "இதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்களே பாருங்கள்" என்று கூச்சமின்றிக் கூறுகிறோம். பத்திரம் எழுதுபவரிடமும் மருத்துவரிடமும் வருமானவரிக் கணக்கரிடமும் நம் அறியாமையை நாம் ஒளிப்பதில்லை. ஆனால் விளையாட்டு என்று வந்துவிட்டாலோ, பத்து வயதுச் சிறுவன் அறிந்த விதி தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள ஐம்பது வயதுப் பெரியவருக்கு நா எழுவதில்லை. கிரிக்கெட் ஆட்டத்தில் நடுவர் விரலை உயர்த்துகிறார். ஏன் உயர்த்தினார் என்பது விளங்காமலே, தொலைக்காட்சிக்கு முன்னிருக்கும் கூட்டத்தோடு சேர்ந்து "அநியாயம்!" என்று முழங்குவோர் எத்தனை பேர்! பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லக் கேட்டுத் தெரிந்துகொள்வோர் எத்தனை பேர்!

இந்த நாணத்துக்குக் காரணம் இரண்டு என்று நாம் கருதுகிறோம். விளையாட்டு சிறுவர்க்குரியது, ஆகவே அதன் விதி எளிது, எளியதை அறியாதவன் ஏளனத்துக்குரியவன் என்னும் எண்ணம் ஒன்று. ஆட்ட விதிகள் என்றென்றும் இருந்துவருபவை, உலகோர் அனைவரும் அவற்றை எப்படியோ அறிந்திருக்கின்றனர், நாம் ஒருவரே தவறவிட்டோம் என்னும் மயக்கம் மற்றொன்று. இவ்விரண்டுமே பிழை என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. அவ்வரலாற்றைச் சதுரங்கத்தின் வழியே சற்று நோக்குவோம்.

சதுரங்கத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சென்னையின் மேற்கே, பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில், போரூரை அடுத்து இருப்பது ஐயப்பன்தாங்கல். தாங்கல் என்பது ஏரியினும் சிறிய நீர்நிலையைக் குறிக்கும் சொல். வயலும் நீருமாக இருந்த ஊர் என்பதைப் பெயரே இன்றும் உரைக்கிறது. இன்றோ அங்குப் பேருந்துப் பணிமனையும், அடுக்குமாடிக் குடியிருப்புகளும், பல மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்து குடியேறிய குடும்பங்களும் நிறைந்துள்ளன. அதற்கு வடக்கே, அதே மேற்குப் புறநகர்ப் பகுதியில் உள்ளது மேல் அயனம்பாக்கம். அங்குள்ள பள்ளியில் பயின்ற குகேஷ் என்ற இளைஞர், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலகச் சதுரங்க வாகையராக முடிசூடினார். அண்டை ஊரில் இப்படியொரு பெருமை விளைந்தபின், தம் பிள்ளைகளைச் சதுரங்க வகுப்பில் சேர்க்கும் ஆசை இப்பகுதிப் பெற்றோரிடம் பெருகியதில் வியப்பில்லை.

ஆசை பெருகிய இடத்தில் நாணமும் பெருகிற்று. பிள்ளை வீட்டுக்கு வந்து, "வாப்பா, நீங்கள் ஆடுவது தவறு. சிப்பாயை அப்படியும் வெட்டலாம்" என்கிறது. பிள்ளை சொல்வது 'அன் பாசான்' என்னும் விதி. எதிரியின் சிப்பாய் தன் முதல் நகர்வில் இரண்டு கட்டம் முன்னேறி நம் சிப்பாயின் பக்கத்தில் வந்து நின்றால், அது ஒரே கட்டம் நகர்ந்ததாகக் கொண்டு, உடனடியாக அடுத்த நகர்விலேயே அதை வெட்டலாம். ஊரில் பாட்டனாரிடம் ஆடப் பயின்ற தந்தை இதைக் கேள்விப்பட்டதே இல்லை. "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று கூறிப் பலகையை மடித்து வைக்கிறார். மறுநாள் முதல் பிள்ளையுடன் ஆட அவருக்கு நேரம் கிடைப்பதில்லை! இது ஒரு வீட்டுக் கதையன்று, பல வீடுகளில் நடப்பது. தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஒரு பலகை இருந்தது, இப்போது அது பரண் மேல் இருக்கிறது. இழப்பு சிறியதா?

அந்தத் தந்தை அறியாத செய்தி ஒன்றுண்டு. அவர் பயின்ற ஆட்டம் பிழையானதன்று. அது பழையது, அவ்வளவே.

பாக்தாதிலிருந்து வந்த விதிகள்

இந்திய மண்ணில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் சென்று, அங்கிருந்து அரபுலகை அடைந்து 'ஷத்ரஞ்ச்' எனப் பெயர் பெற்றது. அப்பாசியக் கலீஃபாக்களின் காலத்தில் அது ஒரு கலையாகவே வளர்ந்தது. கலீஃபா முத்தவக்கிலின் காலத்தில் வாழ்ந்த அல்-அத்லீ என்பவர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இவ்வாட்டம் பற்றி நூல் எழுதினார். அவருக்குப் பின் வந்த அஸ்-சூலீ, கலீஃபா முக்தஃபீயின் அவையில் நிகரற்ற ஆட்டக்காரராகத் திகழ்ந்தார். ஆங்கிலத்தார் கூறும் 'செக்மேட்' என்பது, அரசன் வீழ்ந்தான் என்னும் பொருளில் வழங்கிய 'ஷாஹ் மாத்' என்பதன் திரிபே. கோட்டைக் காய்க்கு அவர்கள் வழங்கும் 'ரூக்' என்ற பெயரும் 'ருக்' என்பதிலிருந்து வந்ததே. சூது கலந்த ஆட்டம் விலக்கப்பட்டது என்பதிலும், வணக்கத்தை மறக்கச் செய்யும் ஆட்டம் ஆகாது என்பதிலும் மார்க்க அறிஞரிடையே வேற்றுமை இல்லை. சூதற்ற ஆட்டம் குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாராய்ச்சி இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இங்கு நாம் காண விரும்புவது விதிகளின் பயணத்தை மட்டுமே.

பாக்தாதில் ஆடிய ஷத்ரஞ்சில் சிப்பாய் எப்போதும் ஒரே கட்டம்தான் நகரும். ஆகவே அன் பாசானுக்கு அங்கு இடமே இல்லை. இன்று பலகையின் பேராற்றலாக விளங்கும் ராணி அன்று 'ஃபிர்ஸான்' என்னும் அமைச்சர். மூலைவாக்கில் ஒரே கட்டம் நகரும் எளிய காய் அது. இன்றைய பிஷப் நிற்கும் இடத்தில் அன்று நின்றது 'ஃபீல்'. திருக்குர்ஆன் ஓதிய எவரும் அறிவர், ஃபீல் என்றால் யானை. அந்த யானை மூலைவாக்கில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும், அதற்கு மேல் இயலாது. அரசனுக்கு நகர வழியில்லாமற் போனால் இன்று ஆட்டம் சமநிலை. ஷத்ரஞ்சிலோ அது, வழியடைக்கப்பட்டவருக்குத் தோல்வி.

இன்னும் ஒரு நுட்பம் காண்க. எதிரியின் காய்கள் அனைத்தையும் வெட்டி அரசனைத் தனியனாக்கிவிட்டால் அன்று அது வெற்றி. ஆனால் தனித்த அரசன் தன் அடுத்த நகர்விலேயே நமது கடைசிக் காயையும் வெட்டிவிட்டால்? முஸ்லிம் உலகின் பெரும்பாலான இடங்களில் அது சமநிலை எனப்பட்டது. மதீனாவிலோ முதலில் தனியனாக்கியவருக்கே வெற்றி. ஒரே ஆட்டத்துக்கு ஊருக்கு ஊர் விதி வேறாக இருந்தது. பாக்தாதிலிருந்து மதீனா சென்ற பயணி ஒருவர் பலகை முன் அமருமுன், "உங்கள் ஊரில் எப்படி?" என்று கேட்டேயாக வேண்டும். அந்தக் கேள்வி ஆட்டத்தின் முதல் நகர்வாகவே இருந்திருக்க வேண்டுமன்றோ!

ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில்தான் ராணிக்கும் பிஷப்புக்கும் இன்றைய ஆற்றல் வாய்த்தது. சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரண்டு கட்டம் செல்லும் உரிமை வழங்கப்பட்டபோது, அவ்வுரிமையால் எதிரிச் சிப்பாயின் பிடியிலிருந்து நழுவுவதைத் தடுக்க அன் பாசான் தேவைப்பட்டது. அதையும் எல்லாரும் உடனே ஏற்கவில்லை. இத்தாலியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஏற்க மறுத்தனர். அரசனும் கோட்டையும் ஒரே நகர்வில் இடம் பெயரும் 'காஸ்லிங்' என்ற முறையும் அவர்களிடம் வேறாகவே இருந்தது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு பாரிஸ் நகரில் தோன்றியது 1924ஆம் ஆண்டில். விதிகளைத் திருத்தும் பணி அதற்குப் பின்னும் ஓயவில்லை. 75 நகர்வுகள் வரை எந்தக் காயும் வெட்டப்படாமலும், எந்தச் சிப்பாயும் நகராமலும் சென்றால் ஆட்டம் தானாகவே சமநிலையாகும் என்ற விதி 2014 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. தம்மை எல்லாம் அறிந்தவராக எண்ணிய முதுபெரும் ஆட்டக்காரர்களும் அந்த ஆண்டில் புதிதாக ஒன்றைப் படிக்க நேர்ந்தது.

சுல்தான் கானின் துணிவு

இந்தியாவிலோ ஐரோப்பிய விதிகள் பரவிய பிறகும் நாட்டு வழக்கு நெடுங்காலம் நீடித்தது. சிப்பாய்க்கு ஒரே கட்டம். காஸ்லிங் இல்லை. அதற்கு ஈடாக அரசன் ஒரேயொரு முறை குதிரையைப் போல் தாவலாம். சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடைந்து வேறு காயாக மாறும் முறையும் வேறு. ஐயப்பன்தாங்கல் தந்தை தம் பாட்டனாரிடம் பயின்றது இம்மரபில் வந்த ஆட்டமாகவே இருக்கக்கூடும்.

இம்மரபில் வளர்ந்த ஒருவர் உலக அரங்கில் என்ன ஆனார் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாபின் மித்தா திவானா என்ற ஊரில் பிறந்தவர் மீர் சுல்தான் கான். தந்தையிடம் நாட்டு முறைச் சதுரங்கம் பயின்றார். சர் உமர் ஹயாத் கான் என்ற பெருநிலக்கிழார் அவருடைய ஆற்றலைக் கண்டு தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். 1926ஆம் ஆண்டளவில்தான் சுல்தான் கான் ஐரோப்பிய விதிகளைக் கற்றார். அப்போது அவர் சிறுவரல்லர், இருபது வயதைக் கடந்த இளைஞர். நாட்டிலேயே தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர், காய் எப்படி நகரும் என்பதை முதலிலிருந்து மீண்டும் கற்க அமர்ந்தார்! 1928இல் அனைத்திந்திய வாகையர் பட்டம் அவர் கைக்கு வந்தது.

1929இல் உமர் ஹயாத் கான் அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கு அவருக்கெனவே ஒரு சிறு பயிற்சிப் போட்டி ஏற்பாடாயிற்று. முடிவு என்ன? கடைசி இடத்தை மற்றொருவரோடு பகிர்ந்துகொண்டார். ஐரோப்பியர் நூல்களில் படித்துத் தேர்ந்திருந்த தொடக்க நகர்வுகள் அவருக்குப் பழக்கமில்லாதவை. நாணிச் சுருண்டு கப்பலேறியிருந்தால் அவர் கதை அத்துடன் முடிந்திருக்கும். அவரோ, வின்டர், யேட்ஸ் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் இருவருடன் அமர்ந்து பயின்றார். அவ்விருவரும் அப்பயிற்சிப் போட்டியில் அவருக்கு மேலான இடத்தைப் பெற்றவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டுக் கோடையில் நடந்த பிரிட்டிஷ் வாகையர் போட்டியில் சுல்தான் கான் முதலிடம் பெற்றார். 1932இலும் 1933இலும் மீண்டும் அப்பட்டத்தை வென்றார். உலக வாகையராயிருந்த காப்பாபிளாங்காவை ஹேஸ்டிங்ஸ் நகரில் 1930–31 போட்டியில் தோற்கடித்தார். 1933இல் பெண்களுக்கான பிரிட்டிஷ் வாகையர் பட்டத்தை வென்றவரும், உமர் ஹயாத் கானின் இல்லத்தில் பணிபுரிந்த ஃபாத்திமா என்ற பெண்மணியே.

அவ்வாண்டின் இறுதியில் தாயகம் திரும்பிய சுல்தான் கான், பின்னர் உலக அரங்குக்கு மீளவில்லை. 1966இல் மறைந்தார். 2024ஆம் ஆண்டில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கிற்று. அவர் மறைந்து 58 ஆண்டுகள் கழிந்திருந்தன.

சென்னை கற்ற பாடம்

நம் சென்னையின் கதையும் இத்தகையதே. பர்மாவில் பிறந்து தமிழகத்தில் வளர்ந்த மானுவேல் ஆரன், 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். நாட்டு வழக்கு பெரிதும் நிலவிய அக்காலத்தில், உலக விதிகளைப் பரப்பவும், நூல்களைப் பயின்று ஆடும் பழக்கத்தை ஊட்டவும் அவர் பாடுபட்டார். ஆட்டக்காரர்களைக் கூட்டி அமைப்புகள் கண்டார். 1972இல் சென்னையில் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் தோன்றிய தால் சதுரங்கக் கழகத்துக்கும் அவரே தூண். விசுவநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார். பின்னர் அச்சிறுவரை வளர்த்த இடங்களுள் ஒன்று அந்தக் கழகம். 1988இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று. ஆரனின் காலத்தில் உலக விதிகளைக் கற்க வந்தோர் பலரும் நாட்டு முறையில் கைதேர்ந்தவர்கள். தம் ஊரில் வெல்ல முடியாதவர் என்று பெயரெடுத்தவர்களும் அவர்களுள் இருந்திருப்பர். அவர்கள் "எனக்குத் தெரிந்ததே சதுரங்கம்" என்று வீம்பு பேசியிருந்தால், சென்னை இன்றைய சென்னையாகியிருக்குமா? ஒரு தலைமுறை தன் அறியாமையை ஒப்புக்கொண்டு கற்றதன் கனியையே அடுத்த தலைமுறைகள் சுவைக்கின்றன.

கேட்டவரும் கேளாதவரும்

விதியை ஐயுற்றுக் கேட்பது தொடக்கநிலையினர்க்கே உரியது என்று நினைப்போர்க்கு மற்றொரு நிகழ்ச்சியைக் கூறுவோம். 1974இல் மாஸ்கோவில் கார்ப்போவும் கோர்ச்னோயும் மோதினர். உலக வாகையரை எதிர்க்கும் உரிமை யாருக்கு என்பதை முடிவுசெய்யும் போட்டி அது. கோர்ச்னோய் அப்போது பதினெட்டு ஆண்டுகளாகக் கிராண்ட்மாஸ்டர், சோவியத் நாட்டின் வாகையர் பட்டத்தை நான்கு முறை வென்றவர். 21ஆவது ஆட்டத்தில் அவருடைய கோட்டையை எதிரியின் காய் தாக்கிக்கொண்டிருந்தது. அந்நிலையில் காஸ்லிங் செய்யலாமா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. எழுந்து சென்று நடுவரையே கேட்டார். செய்யலாம் என்றார் நடுவர். அரசன் தாக்கப்பட்டிருக்கவோ, தாக்குதலுள்ள கட்டத்தைக் கடக்கவோ, அங்குச் சென்று நிற்கவோ கூடாது. கோட்டைக்கு அத்தடை இல்லை. கோர்ச்னோய் காஸ்லிங் செய்தார். 19 நகர்வுகளில் அந்த ஆட்டத்தை வென்றார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த அரங்கில், பயிற்சி வகுப்புச் சிறுவன் கேட்கும் கேள்வியைக் கேட்க அவர் நாணவில்லை.

இதற்கு மாறான நிகழ்ச்சி கிரிக்கெட்டில் உண்டு. 2003 மார்ச் 3 அன்று டர்பன் நகரில் உலகக் கோப்பை ஆட்டம். தென்னாப்பிரிக்கா இலங்கையை எதிர்த்து ஆடியது. மழை வரும் நிலை. மழையால் ஆட்டம் நின்றால் வெற்றி யாருக்கு என்பதை டக்வொர்த் – லூயிஸ் என்ற கணக்கு முறை தீர்மானிக்கும். ஒவ்வோர் ஓவரின் முடிவிலும் எத்தனை ஓட்டம் இருக்க வேண்டும் என்னும் அட்டவணை அணியினரிடம் இருந்தது. 45ஆவது ஓவரின் முடிவுக்கு அது காட்டிய எண் 229. அந்த எண்ணை எட்டினால் வெற்றி என்று அணியினர் கருதினர். ஆடுகளத்தில் இருந்த மார்க் பவுச்சருக்கும் அவ்வாறே செய்தி சென்றது. தமிழரான முத்தையா முரளிதரன் வீசிய அந்த ஓவரின் ஐந்தாம் பந்தை பவுச்சர் ஆறு ஓட்டங்களுக்கு அடித்தார். 229 வந்துவிட்டது. கடைசிப் பந்தில் விக்கெட்டை இழக்கக் கூடாதென்று ஓட்டம் எடுக்காமல் தடுத்து நிறுத்தினார். மழை ஆட்டத்தை நிறுத்தியது. அதன்பின் தெரிந்தது, 229 என்பது சமநிலைக்கான எண். வெற்றிக்கு இன்னும் 1 ஓட்டம் வேண்டும்! போட்டியை நடத்திய நாடுகளுள் முதன்மையான தென்னாப்பிரிக்கா முதற்சுற்றிலேயே வெளியேறியது.

உலகத்தரம் வாய்ந்த அணி அது. பயிற்சியாளரும் தலைவரும் ஆட்ட அறிவில் குறைந்தவர்கள் அல்லர். எட்டினால் போதுமா, தாண்ட வேண்டுமா என்று நடுவர்களிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் கடைசிப் பந்தில் ஓட்டம் எடுக்க முயன்றிருப்பார்கள். தெரியும் என்ற எண்ணம் அந்தக் கேள்வியை எழவிடவில்லை.

நம் வீடுகளில்

நம் இல்லங்களில் சதுரங்கத்தைவிடக் கேரம் பலகைக்கே செல்வாக்கு அதிகம். பெருநாள் மாலைகளில் பெரியவரும் சிறியவரும் அதைச் சுற்றி அமர்வர். கேரத்திலும் வீட்டுக்கு வீடு விதி வேறு. காய்க்குப் புள்ளி வைத்து எண்ணும் வீடும் உண்டு, சிவப்புக் காயை எப்போது போடலாம் என்பதில் தனி வழக்கம் வைத்திருக்கும் வீடும் உண்டு. சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு தோன்றி, உலகுக்குப் பொதுவான விதிகள் முறைப்படுத்தப்பட்டது 1988ஆம் ஆண்டில்தான், அதுவும் நம் சென்னையில்தான். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் அக்காலத்திலேயே உலக வாகையராகப் புகழ் பெற்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் 3 தங்கப் பதக்கங்களை வென்றவர், சென்னையின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா என்ற பதினேழு வயதுப் பெண். நம் சமுதாயப் பெண்மக்கள் பலர் வீட்டுப் பலகையோடு நின்றுவிட, அவர் போட்டி விதிகளைக் கற்று வெளியே வந்தார். அவருக்கு வழிவிட்ட குடும்பத்தையும் நாம் பாராட்ட வேண்டும்.

விதி தெரியாதென்ற நாணத்தால் பெரிதும் பாதிக்கப்படுவோர் பெண்மக்களே என்பது நம் துணிபு. ஆண்பிள்ளை தெருவில் ஆடித் தவறிழைத்து, நண்பரின் கேலியோடு விதியையும் கற்றுக்கொள்கிறான். பெண்பிள்ளைக்குத் தெருவும் இல்லை, கேலி செய்து கற்பிக்கும் தோழரும் இல்லை. பள்ளியில் அணிக்கு ஆள் எடுக்கும் நாளில், "உனக்கு விதி தெரியுமா?" என்ற ஒரு கேள்வியிலேயே அவள் பின்வாங்கிவிடுகிறாள். உம்மாவிடம் கேட்கலாம் என்றால் உம்மாவுக்கும் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனந்தின் தாயார் காய் நகர்த்த அறிந்திருந்தார். அதனால் மகனுக்கு முதல் ஆசான் வீட்டிலேயே கிடைத்தார். நம் தாய்மார்க்கும் அந்த வாய்ப்பு ஏன் அமையக் கூடாது?

ஆகவே இருசாராரிடமும் நாம் வேண்டுவன சில உண்டு. விதி அறிந்தவர்களே, உங்கள் அறிவு யாரோ ஒருவர் பொறுமையுடன் உரைத்ததால் உங்களுக்குக் கிட்டியது. கேட்பவரைக் கண்டு நகையாதீர்கள். ஒருமுறை நகைக்கப்பட்டவர் மறுமுறை கேட்பதில்லை. கேட்காதவர் ஆட வருவதுமில்லை. விதி அறியாதவர்களே, நீங்கள் நாணுவதற்கு ஏதுமில்லை. எந்த விதியும் ஒரு காலத்தில் எவரோ கூடிப் பேசி வகுத்தது, மற்றவர் கேட்டறிந்தது. பாக்தாத்காரர் மதீனாவில் கேட்டாக வேண்டியிருந்தது. சுல்தான் கான் இலண்டனில் பயின்றார். கோர்ச்னோய் மாஸ்கோவில் கேட்டார்.

ஐயப்பன்தாங்கல் தந்தை இன்று இஷாத் தொழுகைக்குப் பின் பரண் மேலிருந்து அந்தப் பலகையை இறக்கட்டும். மகனை மட்டுமன்றி மகளையும் அழைக்கட்டும். அவர்களுடைய உம்மாவும் வந்து அமரட்டும். சிப்பாயை எப்படி வெட்டுவது என்று பிள்ளைகள் சொல்லட்டும், அவர் கேட்கட்டும். அதன்பின் தம் பாட்டனார் ஆடிய முறையை, அரசன் ஒருமுறை குதிரையாய்த் தாவிய அந்தப் பழைய வழக்கத்தை, அவர் அவர்களுக்குச் சொல்லட்டும். அது எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவர்களுக்குக் கிடைக்காத பாடம்.